கழிப்பறைக்குப் பழகாத பிள்ளை

இல்லறத் துன்பங்களுள் அயலாரிடம் சொல்லத்தக்கவை உண்டு. சொல்ல நா எழாதவையும் உண்டு. கடன் தொல்லையைச் சொல்லலாம். சர்க்கரை நோயைச் சொல்லலாம். ஏழு வயது நிறைந்த மகன் இன்னும் உடுத்த உடையிலேயே மலங்கழிக்கிறான் என்பதை எந்தத் தாய் எவரிடம் சொல்வாள்? தன்னைப் பெற்றவளிடம் சொல்லவும் தயங்குவாள். ஆட்டிசம் எனப்படும் வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளைகளின் இல்லங்களில் இத்துன்பம் மிகச் சாதாரணமானது. எனினும், பேச்சு வரவில்லையே என்று மருத்துவரிடம் அரைமணி நேரம் முறையிடும் பெற்றோர், இதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகின்றனர். ஆகையால் இம்மாதம் இப்பகுதியில் இதனையே எடுத்துக்கொள்கிறோம். முகம் சுளிக்காமல் படிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம். நம் எல்லோருக்கும் உள்ள உடம்பைப் பற்றிய செய்திதானே இது!

இத்துன்பம் ஒரு குடும்பத்தை எவ்வாறு முடக்கிவிடுகிறது என்பது அனுபவித்தவர்க்கே தெரியும். திருமண வீடுகளுக்குப் போவதில்லை. போனாலும் பந்தி முடியுமுன் திரும்பிவிடுகின்றனர். இரவுப் பேருந்துப் பயணம் என்றால் நெஞ்சு படபடக்கிறது. ஞாயிறு பூசைக்குத் தாய் ஒரு வாரம், தந்தை ஒரு வாரம் என்று முறைவைத்துக்கொண்டு செல்லும் குடும்பங்கள் நம் பங்குகளிலேயே இருக்கின்றன. அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று முணுமுணுப்பவர்களும் இருக்கின்றனர். பள்ளியிலோ, "டயப்பரை விட்ட பிறகு அழைத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றனர். ஆண்டுகள் கடக்கின்றன. பிள்ளையின் படிப்பு இந்த ஒன்றினாலேயே தள்ளிப்போகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் தாயின் தலையில் விழும் பழி வேறு. "நாங்கள் ஐந்து பெற்றோம், ஒன்றரை வயதில் எல்லாம் தானாகப் பழகிவிட்டது, உனக்குச் சாமர்த்தியம் போதவில்லை" என்பார் மாமியார். "நாள் முழுவதும் வீட்டில் என்னதான் செய்கிறாய்?" என்பார் கணவர். இப்படித் தாயைக் குற்றவாளியாக்கியவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் அல்லர். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைக் கண்டாராய்ந்து இந்த வேறுபாட்டை விரிவாக எழுதினார். அதன் பின்னர், அன்பில்லாத, குளிர்ந்த மனமுடைய பெற்றோராலேயே இது உண்டாகிறது என்றோர் எண்ணம் பரவிற்று. கானரின் எழுத்துகளும் அதற்கு இடங்கொடுத்தன. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இதையே வலியுறுத்திப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். ஆனால், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடலியல் சார்ந்தது, பெற்றோரின் வளர்ப்பால் விளைந்ததன்று என்று சான்றுகளோடு எழுதிவிட்டார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானரே பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்துப் பேசினார். அரைநூற்றாண்டுக்கு முன்பே அறிஞர் உலகம் கைவிட்ட ஒரு பழியை, நம் வீட்டு முற்றத்தில் இன்னும் மருமகள்மீது சுமத்திக்கொண்டிருப்பது நியாயமா?

நம் வீடுகளில் குழந்தைக்கு எப்படிப் பழக்குகிறோம் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாய் தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின்மேல் குழந்தையை உட்கார்த்திக்கொண்டு "ஸ்ஸ்..." என்று ஒலியெழுப்புவாள். குழந்தை அவள் முகத்தையே பார்க்கும். கழித்துவிட்டால், "என் கண்ணே!" என்று கொஞ்சுவாள். சற்று வளர்ந்ததும், அண்ணன் போவதைப் பார்த்துத் தம்பியும் போவான். துணியை நனைத்துவிட்டால், "ச்சீ, வெட்கம்!" என்று பிறர் சிரிப்பதைக் கண்டு கூசுவான். முகம் பார்த்தல், மற்றவரைப் பார்த்துச் செய்தல், பாராட்டுக்கு மகிழ்தல், கேலிக்குக் கூசுதல் ஆகிய இந்த நான்கு கயிறுகளைப் பிடித்துத்தான் மற்றப் பிள்ளைகள் மேலேறி வந்துவிடுகின்றனர். நாம் கற்பித்தோம் என்று எண்ணிக்கொள்கிறோம். பெரும்பகுதியை அவர்கள் தாமே கற்றுக்கொள்கின்றனர். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்தக் கயிறுகளே நழுவுகின்றன. பிறர் என்ன நினைப்பர் என்பது அவனுக்கு எளிதில் புலப்படாத செய்தி. எனவே மாமியார் ஐந்து பிள்ளைகளைப் பழக்கிய முறை ஆறாவதாகிய இப்பேரனிடம் பலிக்காமல் போவதில் வியப்பில்லை.

வேறொன்றும் உண்டு. வயிறு நிறைந்ததையும் சிறுநீர்ப்பை கனத்ததையும் நம் உடம்பு நமக்கு உள்ளிருந்து அறிவிக்கிறது. பசி, தாகம், மூத்திரம் முட்டுதல் எல்லாம் இவ்வகை அறிவிப்புகளே. ஆட்டிசம் உள்ளோரில் பலருக்கு இந்த உள்ளறிவிப்பு மங்கலாகவோ மிகத் தாமதமாகவோ வந்து சேர்கிறது. கடைசி நொடியில்தான் அவனுக்குத் தெரிகிறது. தெரிந்தபோது எழுந்து ஓட நேரமில்லை. சிலருக்கு நனைந்த துணியின் குளிர்ச்சியும் உறைப்பதில்லை. அன்றியும் இக்காலத்து டயப்பர்கள் ஈரத்தை முற்றிலும் உறிஞ்சிக்கொள்வதால், "நான் இப்போது சிறுநீர் கழித்தேன்" என்பதை உணர்வதற்கு இருந்த ஒரே வாய்ப்பும் போய்விடுகிறது. இதனை அறியாத பெரியவர்கள், "இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தான், வெளியே வந்ததும் போகிறான்; வேண்டுமென்றே செய்கிறான்" என்று சினங்கொள்கின்றனர். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. உள்ளே இருந்தபோது இறுகியிருந்த தசை, வெளியே வந்து பழகிய இடத்தில் நின்றதும் தளர்ந்தது, அவ்வளவே.

இனி, பழக்கத் தொடங்குமுன் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. எல்லாவற்றிலும் முதன்மையானது என்று நாம் கருதுவதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். அது மலச்சிக்கல்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் உணவில் மிகுந்த தெரிவு உடையவர்கள். வெள்ளைச் சோறும் தயிரும் மட்டும் உண்பான் ஒருவன். ஒரே வகை பிஸ்கட்டும் பாலும் அன்றி எதையும் தொடமாட்டான் இன்னொருவன். காய், கீரை, பழம் எதுவும் உள்ளே செல்வதில்லை. தண்ணீரும் போதிய அளவு குடிப்பதில்லை. மலம் கெட்டிப்படுகிறது. ஒரு நாள் கழிக்கும்போது கடுமையாக வலிக்கிறது. அன்றிலிருந்து அவன் அஞ்சி அடக்கத் தொடங்குகிறான். கால்களைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் நிற்பான்; மூலையில் ஒளிந்து உடம்பை விறைப்பான். முக்குகிறான் என்று நாம் எண்ணுவோம், உண்மையில் அடக்குகிறான். அடக்க அடக்க மலம் மேலும் இறுகிப் பெருகுகிறது. குடலின் இறுதிப்பகுதி விரிந்துபோய், நிறைந்திருக்கிறது என்ற உணர்ச்சியையே இழக்கிறது.

அதன்பின் வருவதுதான் பெற்றோரை ஏமாற்றுவது. கட்டியாக அடைத்துக்கொண்டிருக்கும் மலத்தைச் சுற்றி, மேலிருந்து வரும் நீர்த்த மலம் கசிந்து, நாளெல்லாம் சிறிது சிறிதாக உடையில் படுகிறது. பார்ப்பவர் வயிற்றுப்போக்கு என்று முடிவுசெய்து, போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகின்றனர், சிக்கல் இரட்டிப்பாகிறது. இக்கசிவைப் பிள்ளை அறிவதுமில்லை, அடக்க அவனால் இயல்வதுமில்லை. இதற்காக அவனை அடிப்பது, சளி ஒழுகுவதற்காக ஒருவனை அடிப்பதற்கு ஒப்பாகும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் சிறுநீரும் அடிக்கடி கசியக்கூடும். ஆகவே, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உடையில் மலங்கழித்தால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை கழிக்கிறான், கெட்டியா, நீர்த்ததா, எவ்வளவு பெரிது என்பனவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் அறிந்துகொள்வார். லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மலமிளக்கிகளை அவர் கொடுக்கக்கூடும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நம்மவர்கள் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அது கூடாது. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் சொல்லும் வரை தொடரவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பதும், சோப்புத் துண்டைச் செருகுவதும் நம் பாட்டிமார் கைவைத்தியம். தொடுதலையே பொறுக்கமாட்டாத, என்ன நடக்கப்போகிறது என்று முன்னரே விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளையை இருவர் பிடித்துக்கொள்ள மூன்றாமவர் இதைச் செய்தால், அன்று மலம் வெளியேறலாம். ஆனால் அந்த அறையையும் அந்தச் செயலையும் அவன் நெடுங்காலம் வெறுப்பான். வலியின்றிக் கழிக்க முடியும் என்று அவன் உடம்பு சில வாரங்களாவது கண்டறிந்த பின்னரே பழக்குவதைத் தொடங்கவேண்டும்.

அடுத்தது அறை. நம் வீட்டுக் கழிப்பறையை அவன் நிலையில் நின்று பாருங்கள். ஓட்டு வீட்டின் புறக்கடையில் இருட்டான, ஈரத் தரையுள்ள, பினாயில் நெடி வீசும் சிறு அறை. அல்லது அடுக்குமாடி வீட்டில், பொத்தானை அழுத்தினால் இடியென ஒலிக்கும் நீர்த்தொட்டி, சுவரில் இரையும் காற்றாடி. நம் செவி இவற்றை ஒதுக்கிவிடும். ஒலியும் மணமும் ஈரமும் பன்மடங்காகத் தாக்கும் பிள்ளைக்கு அது சித்திரவதைக் கூடம். எனவே அவன் உள்ளே இருக்கும்போது நீரைத் திறக்கவேண்டாம். அவன் வெளியேறிச் சற்றுத் தொலைவு சென்றபின் திறக்கலாம். காற்றாடியை நிறுத்துங்கள். தரையைத் துடைத்து உலர்த்துங்கள். மணம் மிகுந்த திரவங்களைக் குறையுங்கள்.

குந்தி அமர்வதா, கோப்பையில் அமர்வதா என்ற கேள்வியும் எழுகிறது. குந்தி அமர்வது மலம் எளிதாக இறங்க ஏற்ற நிலை என்பது உண்மை. முழங்கால் உயரும்போது குடலின் இறுதி வளைவு நேராகிறது. ஆயினும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் நுனிக்காலிலேயே நடந்து பழகியவர்கள்; குதிகால் தரையில் படியாமையால் குந்தினால் நிலைதடுமாறுவர். விழுந்துவிடுவோம் என்று அஞ்சும் உடம்பு எப்படித் தளரும்? இத்தகையோர்க்கு மேற்கத்தியக் கோப்பை நல்லது. ஆனால் கால்கள் அந்தரத்தில் தொங்கக்கூடாது. சிறு மணை ஒன்றைப் போட்டு, பாதங்கள் ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு அமரச் செய்யுங்கள். ஓட்டை பெரிதாயின், சிறுவர்க்கான வளையம் ஒன்றை அதன்மேல் பொருத்தலாம். குந்தியே பழகவேண்டிய வீடுகளில், எதிர்ச்சுவரில் கைப்பிடி ஒன்று அடித்துக்கொடுத்தால் பெரிதும் உதவும். தச்சருக்கு அரை மணி வேலை.

இப்போது பேச்சுக்கு வருவோம். "பாத்ரூம் போகணுமா?" என்று நாள்தோறும் இருபது முறை கேட்கிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை, "போகணுமா" என்று அதையே திருப்பிச் சொல்கிறான். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இவ்வியல்பைக் கானர் 1943-லேயே குறித்திருக்கிறார். அல்லது, "வேண்டாம்" என்கிறான். கேள்விக்கு அப்படி விடை சொன்னால் தொல்லை நீங்கும் என்று அறிந்திருக்கிறான். உள்ளறிவிப்பே சரியாக வராதவனிடம் இக்கேள்வியைக் கேட்பதில் பயன் என்ன? கேட்பதை விட்டுவிட்டு, உரிய நேரத்தில் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும்.

அத்துடன் நம் தமிழ் நாகரிகம் இச்செயலுக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறது, பாருங்கள்! தாய் "ஆய்" என்கிறாள், பாட்டி "வெளிக்கு" என்கிறாள், தாத்தா "கொல்லைக்கு" என்கிறார், பள்ளியில் "டாய்லெட்", அத்தை வந்தால் "ரெண்டுக்கு". சொல்லை அப்படியே பொருள்கொள்ளும் பிள்ளை, "வெளிக்குப் போகலாமா?" என்றதும் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பான். வீட்டார் அனைவரும் ஒன்றுகூடி, சிறுநீருக்கு ஒரு சொல், மலத்துக்கு ஒரு சொல் என்று முடிவுசெய்து, பள்ளிக்கும் அதையே சொல்லிவிடவேண்டும். பேச்சே வராத பிள்ளைக்கும் வழி உண்டு. நம் பள்ளிகளில் சுண்டுவிரலை உயர்த்தினால் ஆசிரியர் முதல் ஆயா வரை அனைவர்க்கும் பொருள் விளங்கும், அதையே கற்பிக்கலாம். விரல் மடங்கவில்லையாயின், கழிப்பறையின் படமொட்டிய அட்டை ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு முறை செல்லும்போதும் நாம் முதலில் அதைக் காட்டி, பின்னர் அவன் எடுத்து நீட்டக் கற்பிக்கவேண்டும்.

உரிய நேரம் எது என்று கேட்பீர்கள். ஒரு வாரம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் குறித்துவாருங்கள்: எப்போது உண்டான், எப்போது குடித்தான், எப்போது நனைத்தான், எப்போது மலங்கழித்தான். அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தால் போதும். ஒழுங்கே இல்லை என்று நாம் எண்ணியதில் ஓர் ஒழுங்கு தென்படும். காலைப் பாலுக்குப் பின் முக்கால் மணியில் ஒருவன் சிறுநீர் கழிப்பான். மதியச் சோற்றுக்குப் பின் இருபதாவது நிமிடம் மூலையில் ஒதுங்குவான். உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயற்கை. ஆதலால் உணவுக்குப் பின் இருபது முப்பது நிமிடத்துக்குள் அமரச் செய்வதே தக்கது. தொடக்கத்தில் ஒரு நிமிடம் அமர்ந்தாலும் போதும். பின்னர் ஐந்து நிமிடமாக நீட்டலாம். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசியைக் கொடுத்து அரைமணி நேரம் உட்காரவைப்பது இப்போது எங்கும் காண்கிறோம்; பிள்ளை வந்த காரியத்தை மறந்து படம் பார்க்கிறான். அதைவிட, பத்து வரை மெல்ல எண்ணுவதோ, ஒரு பாட்டு முடியும் வரை இருப்பதோ மேல். எப்போது எழலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

முடிவு தெரிதல் இப்பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆறுதல். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷோப்ளர் என்பவர் 1972 முதல் நடத்திய திட்டம் ஒன்றில் இதைத்தான் அடிப்படையாகக் கொண்டனர்: காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது இவர்களுக்குத் தெளிவு, அடுத்து என்ன, எப்போது முடியும் என்பதைப் படமாகக் காட்டவேண்டும். இதற்குச் செலவில்லை. உள்ளே நுழைதல், உடையை இறக்குதல், அமர்தல், கழுவுதல், உடையை ஏற்றுதல், கை கழுவுதல் என்று ஆறு படங்களை வரைந்தோ எடுத்தோ, அவன் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். இடக்கையால் கழுவுவது கடினமான பகுதி. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. எங்கே, எவ்வளவு என்று அறிய முடியாது. கையின்மேல் கை வைத்துப் பலநாள் செய்துகாட்ட வேண்டியிருக்கும். "மூன்று குவளை தண்ணீர்" என்பது போல எண்ணிக்கை வைத்தால் விளங்கும். "சுத்தமாகும் வரை" என்றால் விளங்காது.

விரைவில் பழக்கும் முறைகள் பற்றியும் பலர் கேட்கின்றனர். 1971-ல் நேதன் ஆஸ்ரின், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்னும் இருவர், விடுதியொன்றில் இருந்த அறிவுவளர்ச்சி மிகக் குன்றிய ஒன்பது பெரியவர்களுக்குச் சில நாட்களிலேயே பழக்கிக் காட்டினர். நிறையக் குடிக்கக் கொடுத்தல், அடிக்கடி அமரச் செய்தல், கழித்தவுடன் அதே நொடியில் பரிசளித்தல் ஆகியவை அவர்கள் முறை. அதுவரை இவர்களுக்குப் பழக்கவே முடியாது என்று கைவிட்டிருந்த உலகத்துக்கு அது பெரிய செய்திதான். ஆனால் உடையில் கழித்துவிட்டால் கண்டிப்பதும், தாமே துவைத்துத் துடைக்க வைப்பதும் அம்முறையில் சேர்ந்திருந்தன. இப்போதைய பயிற்சியாளர்கள் முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்பகுதியை விட்டுவிட்டனர். நாமும் அவ்வாறே செய்வது நல்லது. பரிசு உடனே கிடைக்கவேண்டும். அவனுக்குப் பிடித்ததாகவும், வேறெங்கும் கிடைக்காததாகவும் இருக்கவேண்டும். சிலருக்குக் கைதட்டுவதே துன்பம். அவர்களுக்குச் சத்தமின்றி ஒரு துண்டு மிட்டாயே பாராட்டு. தண்ணீரை அளவின்றிக் கொடுப்பதும் ஆபத்து. வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டினால் போதும். அடியும் சூட்டுக்கோல் பயமுறுத்தலும் பற்றி நாம் நீட்டிச் சொல்லப்போவதில்லை. அடிவாங்கிய பிள்ளை கற்பது ஒன்றே: யாரும் பார்க்காத இடத்தில், கட்டிலுக்குப் பின்னால் கழிப்பது.

டயப்பரில் மட்டுமே மலங்கழிப்பேன் என்று பிடிவாதமாய் இருக்கும் பிள்ளை தனிவகை. கழிப்பறையில் உட்காருவான், ஒன்றும் வராது. டயப்பரைக் கொண்டுவந்து கையில் கொடுப்பான். கட்டிவிட்டதும் மூலைக்குச் சென்று நின்றபடியே கழிப்பான். பார்க்கப்போனால் இவன் பாதி கற்றுவிட்டான்! அடக்கவும், காத்திருக்கவும், கேட்கவும் தெரிகிறது. திடீரெனப் பிடுங்கிவிட்டால் பல நாள் அடக்கி மலச்சிக்கலை வருவித்துக்கொள்வான். டயப்பருடனேயே மூலையிலிருந்து கழிப்பறை வாசலுக்கும், பின்னர் உள்ளேயும் இடம் மாற்றுங்கள். உள்ளே நின்று கழிக்கப் பழகியதும் டயப்பருடனே கோப்பைமேல் அமரட்டும். அதன்பின் டயப்பரின் அடியில் கத்தரியால் சிறு துளையிட்டு, வாரந்தோறும் பெரிதாக்கிவந்தால், ஒரு நாள் இடுப்பைச் சுற்றிய பட்டை மட்டும் எஞ்சும். கேட்க நகைப்பாக இருந்தாலும் பலருக்குப் பலித்த வழி இது. ஒவ்வொரு படியும் ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகலாம். முரண்டினால் முந்திய படிக்குத் திரும்புவதில் இழிவில்லை.

மலத்தைக் கையால் எடுத்துச் சுவரில் பூசும் பிள்ளைகளும் உண்டு. தாய்மார் இதைச் சொல்லும்போது அழுதுவிடுகின்றனர். இங்கும் காரணத்தைத் தேடுங்கள். கீரிப்பூச்சி அரிப்பால் விரலிடுகிறானா? மலச்சிக்கலில் தானே தோண்டி எடுக்க முயல்கிறானா? அல்லது அந்த வழவழப்பும் வெதுவெதுப்பும் அவனுக்கு இன்பமா? முன்னவற்றுக்கு மருத்துவர் இருக்கிறார். பின்னதாயின், பிசைந்த கோதுமை மாவு, களிமண், ஈரமணல் ஆகியவற்றை வேண்டிய மட்டும் பகலில் கொடுத்துவாருங்கள். நேர்ந்துவிட்டால் கூச்சலிடாமல், பேச்சில்லாமல் சுத்தம் செய்யுங்கள். பெரிய ஆர்ப்பாட்டம் சில பிள்ளைகளுக்கு வேடிக்கையாகிவிடும்.

பள்ளியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றிருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இப்பிள்ளைகளை வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. உடையில் கழிக்கிறான் என்பது கல்வியை மறுக்கக் காரணமாகாது. ஆயினும் சட்டத்தை நீட்டிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பதோடு, அங்குள்ள ஆயாவிடம் நட்புக்கொள்வதும் தேவை. நாள்தோறும் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் அவர்தாம். வீட்டில் கோப்பையில் பழகியவன் பள்ளியில் குந்தமாட்டான்; ஏனெனில் அவனுக்கு அது வேறு பொருள், வேறு அறை, வேறு மணம். பள்ளி விட்டபின், கூட்டமில்லாத நேரத்தில், தாயே உடனிருந்து நாலைந்து நாள் அங்கே பழக்கிவிட்டால் பெரிதும் நன்று.

இரவு நனைப்பதைப் பகலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம். ஐந்து வயது வரை எந்தப் பிள்ளையும் படுக்கையை நனைப்பதை மருத்துவர்கள் நோயாகக் கருதுவதில்லை. ஆட்டிசம் உள்ளோர்க்கு இன்னும் தாமதமாகலாம். பகல் பழக்கம் நிலைத்தபின் இரவைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மெத்தைமேல் ரப்பர் விரிப்பு போதும்.

வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒன்று. பத்து வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ பிறர் கழுவிவிடவேண்டிய நிலை இருந்தால், யார் யார் அதைச் செய்யலாம் என்பதைப் பெயர் சொல்லி வரையறுத்துக் கற்பியுங்கள். கதவைச் சாத்துவதையும் கற்பியுங்கள். யார் உடையைக் கழற்றினாலும் பேசாமல் நிற்கும் பிள்ளைக்கு நேரக்கூடிய தீங்கை நாம் எழுதவேண்டியதில்லை. பெண்பிள்ளையாயின், பூப்பெய்துவதற்கு ஓராண்டுக்கு முன்பே நாப்கினை உடுத்திப் பழக்குங்கள். இரத்தம் கண்ட நாளில் புதிதாய்த் தொடங்கினால் அவள் மிரண்டுபோவாள்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்டால், சிலர்க்குச் சில வாரம், பலர்க்கு ஓராண்டுக்கும் மேல், மிகச் சிலர்க்கு வாழ்நாள் முழுதும் துணை வேண்டும். நன்கு பழகியவன், காய்ச்சலுக்குப் பின்னோ வீடு மாறியபின்னோ பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. அட்டையையும் நேரக்குறிப்பையும் மீண்டும் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். அதுவரை எங்கும் போகாமல் வீட்டிலேயே அடைந்திருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு பையில் இரண்டு மாற்றுடை, ஒரு துண்டு, ஈர உடைக்குப் பிளாஸ்டிக் உறை, அவன் பழகிய குவளை, அந்தப் பட அட்டை இவற்றை எப்போதும் எடுத்துவைத்திருங்கள். திருமண மண்டபத்துக்குக் கூட்டம் சேருமுன் அரைமணி முன்னதாகச் செல்லுங்கள். மணமக்களைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையை அவனுக்குக் காட்டுங்கள். விளக்கைப் போட்டு, தரையைத் துடைத்து, ஒருமுறை உட்காரவைத்துவிட்டுப் பிறகு பந்திக்கு அழைத்துச் செல்லுங்கள். பந்தி முடிந்த இருபதாவது நிமிடம் மறுபடியும் அதே இடத்துக்கு. யாராவது கேட்டால், "பையனைப் பழக்குகிறோம்" என்று சொல்லுங்கள்.